எதைக் கேட்டாலும் ஒய்

ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று எங்கள் ரங்கூனில் ஒரு உத்தரவு இருந்தது. எண்பத்தெட்டில் ராணுவம் போட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு திரிந்த காலத்திலும் அதை யாரும் எடுக்கவில்லை. கல்யாணம், மவுத், தொழுகை இதற்கெல்லாம் எவரும் தலையை எண்ண மாட்டார்கள். ஆனால் லினக்ஸ் என்று எதையோ பேசிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் ஒரு டீக்கடையில் வட்டமாக உட்கார்ந்தால் எண்ணுவார்கள். போலீஸுக்காக எண்ணுகிற ஆள் பெரும்பாலும் பக்கத்து மேசையிலேயே டீ குடித்துக்கொண்டிருப்பான்.

அதனால் நாங்கள் மூன்று மேசைகளில் பிரிந்து உட்கார்ந்தோம். ஒரு மேசையில் இருப்பவர்களுக்கும் அடுத்த மேசையில் இருப்பவர்களுக்கும் அறிமுகமே இல்லாத பாவனை. யாருக்காவது கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் அதை ஒரு சீட்டில் எழுதுவார்கள். தேத்தண்ணீர்க் குடுவையை நிரப்பப் போகிறவர் போகிற போக்கில் அந்தச் சீட்டை அடுத்த மேசையில் போட்டுவிடுவார். பதில் தெரிந்தவர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். இந்த லட்சணத்தில்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டோம். கோளாறான மெசினை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சீட்டில் இருப்பதுதான் நோய், பின்பக்கத்தில் இருப்பதுதான் மருந்து.

சீட்டுக்கான அட்டை என் கடையிலிருந்து வரும். பபேடான் பேட்டையில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை. ஓரம் வெட்டிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், சிலவற்றில் தங்கக் கரைகூட இருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற இந்த லினக்ஸுக்கு நான் வந்ததே கோபத்தில்தான். எங்கள் ஊரில் விண்டோஸ் என்றால் தெருவோரத்தில் வாங்குகிற திருட்டு டிஸ்க்தான். அதில் வைரஸ் இலவசம். ஒருநாள் நிக்காஹ் பத்திரிகை ஒன்றை, அச்சுக்குப் போகவேண்டிய காலையில், அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டது. பெண்ணின் வாப்பா கடை வாசலில் நின்று என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். அன்றைக்கே இந்த எழவு இனி வேண்டாம் என்று தலைமுழுகினேன்.

இரண்டு வருஷத்தில் அந்த மூன்று மேசைகளிலும் என்னை ஸயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பர்மியரும் அப்படித்தான், தமிழரும் அப்படித்தான். வாத்தியார் என்று அர்த்தம். எனக்கு அது தலைக்கேறிவிட்டது என்று இப்போது சொல்வதற்கு வெட்கப்படவில்லை. தப்பாகக் கேள்வி கேட்டு வரும் சீட்டின் பின்பக்கத்தில் "முதலில் படித்துவிட்டு வா" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு டீயைப் பாதியில் வைத்து எழுந்து போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். மறுபடி "மீ லாபீ!" என்று தெருவே கத்தும், வெளிச்சம் வந்துவிட்டது என்று. ஓடிப்போய் மெசினைப் போட்டால் அது எழுந்திருக்காது. கறுப்புத் திரையில் நின்றுகொண்டு, டிஸ்க் குழம்பிக் கிடக்கிறது, நீயே சரிபார் என்று சொல்லும். சரிபார்க்கிற கட்டளையைக் கொடுத்தால் கேள்வி மேல் கேள்வி கேட்கும். இந்தக் கோப்பு அறுந்து கிடக்கிறது, சரி செய்யட்டுமா? இது எதோடு சேர்ந்தது என்று தெரியவில்லை, நீக்கட்டுமா? ஆமாம் என்பதற்கு 'ஒய்' என்ற எழுத்தை அமுக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்குப் பக்கம் பக்கமாக எச்சரிக்கை இருக்கும். யோசி, நகல் எடு, அவசரப்படாதே என்று. அவர்களுக்கு எப்போதாவது நடப்பது எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை நடக்கும். யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த கரண்ட் கட் வந்துவிடும். நாங்கள் ஒய், ஒய், ஒய் என்று அமுக்கிக்கொண்டே போவோம். பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. எப்போதும் சரியாகவே வந்தது. எழுதி எழுதிக் கை வலித்ததால் நான் அதைத் துண்டு அட்டைகளில் அச்சடித்தே வைத்துவிட்டேன், பர்மியிலும் தமிழிலும்: "எதைக் கேட்டாலும் ஒய்." புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அந்த அட்டையைத்தான் கொடுப்பேன்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் போட்டாதாங்கில் ஒரு கிடங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தமிழ் இந்து, வீடு தின்கன்ஜூனில். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார், நான்தான் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். அட்டையை நாலாக மடிக்காமல் சட்டைப்பையில் நேராக வைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் அப்படி ஒரு ஒழுங்கு.

அவருக்கு ஒரே மகள். பத்தாவதில் மூன்று பாடத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கக்கூடிய பிள்ளை. நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்குக் குடிமக்கள் அட்டை வேண்டும். எங்களைப் போல இந்திய முகம் இருக்கிறவர்கள் அதற்குப் போய் நின்றால் அப்பாவின் காகிதம் மட்டும் போதாது, தாத்தாவின் காகிதமும் வேண்டும். தாத்தாவின் பழைய பதிவுச் சீட்டு அவர்களிடம் இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஒற்றைத்தாள். அதை ஒரு நகல் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருப்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் பெருமையாகச் சொன்னார்.

"நல்ல வேல செஞ்சீங்கண்ணே" என்றேன். "காகிதம் மக்கிப் போகும். இது மக்காது."

இதை நான்தான் சொன்னேன். கூடவே ஒரு சிடியில் இன்னொரு நகல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. ஸயாவாம், ஸயா!

அந்த வருஷம், இரண்டாயிரத்தெட்டு, மே மாதம் புயல் வந்தது. அதைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. ரங்கூனில் நின்ற பெரிய மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்தன, கீழே டெல்டாவில் ஊர் ஊராக ஜனங்கள் செத்துப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்கன்ஜூனில் கணக்குப்பிள்ளை வீட்டுத் தகரக்கூரை பறந்துவிட்டது.

மூன்று வாரத்துக்குமேல் கரண்ட் இல்லை. பிறகு பேட்டை பேட்டையாக வந்தது. வந்த பேட்டையிலிருந்தெல்லாம் என் கடைக்குப் போன். எல்லோருடைய மெசினும் கறுப்புத் திரையில் நிற்கிறது. எனக்கும் வேலை தலைக்குமேல் கிடந்தது. தள்ளிப்போன கல்யாணங்களுக்கெல்லாம் புதுத் தேதியோடு பத்திரிகை கேட்டார்கள். ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் கத்தரிக்கோல். யார் எது சொன்னாலும் ஒரே பதில்தான். எதைக் கேட்டாலும் ஒய். வை போனை.

அப்படி ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி சுமாருக்குக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். வீட்டில் போன் வைத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை. தெருமுனையில் குடைக்குக் கீழே மேசை போட்டு டெலிபோன் வைத்திருக்கும் ஒரு அம்மாளிடமிருந்து பேசினார். அங்கிருந்து அவர் வீடு இரண்டு சந்து தள்ளி. திரையில் இருப்பதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து படிப்பார், நான் சொல்வதை எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார், செய்துவிட்டு மறுபடி போனுக்கு ஓடி வருவார். சந்து நெடுக விழுந்த மரங்கள் இன்னும் கிடந்தன. ஏறி இறங்கித்தான் வரவேண்டும். மூச்சு வாங்கியது.

"ஸயா, காகிதம் வச்ச பொட்டி பூரா நெனஞ்சுபோச்சு. எங்கப்பா சீட்டு கூழாப் போச்சு, கையில எடுத்தா பிஞ்சு பிஞ்சு வருது. நனையாமத் தப்பிச்சது கம்பூட்டர் ஒண்ணுதான், இனிமே அதுல இருக்கறதுதான். ஆபீஸ்ல கேட்டேன். தாளே வேணாங்கறான் அந்த கிளார்க்கு. நம்பரும் எந்த ஊர்ல குடுத்ததுன்னும் சொன்னா போதுமாம், பழைய பேரேட்டுல பாத்துக் குடுக்கறேங்கறான். நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கு? உள்ளதான் இருக்கு. ஜூலைக்குள்ள பாப்பாவுக்கு விண்ணப்பம் போடணும்."

எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். படித்தார். வழக்கமான கதைதான்.

"அட்டை வச்சிருக்கீங்களாண்ணே? அதேதான். ஒய் அடிங்க."

போனார். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார்.

"ஸயா, அது கேட்டுக்கிட்டே இருக்கு. அம்பது அறுபது தடவ அடிச்சிட்டேன். ஒண்ணு சொல்லணும். உள்ளேருந்து டிக் டிக்குன்னு சத்தம் வருது. புயல் அன்னிக்கு மேசையோட சாஞ்சு விழுந்துச்சு..."

நான் அவரை முடிக்க விடவில்லை. கடையில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மூணு வாரம் சும்மா கெடந்த மெசின்ணே, சத்தம் போடத்தான் செய்யும்! கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒய் அடிங்க, ஒய்! எத்தன தடவ சொல்றது?"

"சரி ஸயா, சரி ஸயா. கோவிச்சுக்காதீங்க" என்றார். அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது ஒன்றும் பெரிய வித்தையில்லை, எங்கள் மூன்று மேசையிலும் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையில் கரண்டை நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். இருக்கிறதையெல்லாம் வேறு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற வைத்தியம். செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கில் பாதி எழுத்துத்தான் படிக்க வரும். படிக்க வராததையெல்லாம் குப்பை என்று நினைத்து, நீக்கட்டுமா என்று அது கேட்கும். கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் ஆமாம், ஆமாம் என்று அமுக்கியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது, மெசின் எழுந்துவிட்டது, ஆனால் அந்தப் படம் இருந்த இடம் காலியாக இருக்கிறது என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அதற்குமேல் அன்றைக்கு என்னால் ஒரு பத்திரிகையும் வெட்ட முடியவில்லை.

டிஸ்க்கைக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு பர்மியப் பெண்ணிடம் கொடுத்தேன். கப்பல் ஏஜென்சி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். மா என்று கூப்பிடுவோம், அக்கா மாதிரி. அழிந்ததைத் தோண்டி எடுப்பதில் அவரைப் போல யாரும் கிடையாது. பன்னிரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக ஆயிரக்கணக்கில் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று மேசைக்காரர்களும் ஆளுக்கு ஒரு பங்காகச் சிடியில் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் விரட்டிவிட்ட அந்த ஆள், பாதி டீயில் எழுந்து போனவர், அவரும் எங்கேயோ கேள்விப்பட்டுத் திரும்பி வந்து ஒரு பங்கு வாங்கிக்கொண்டு போனார்.

கண்டுபிடித்தவர் மா. என் கடைக்கே கொண்டுவந்து திறந்து காட்டினார். தாத்தாவின் முகம் இருந்தது, தலைப்பாகையோடு. அவருடைய தகப்பன் பெயர் இருந்த வரி இருந்தது. அதற்குக் கீழே படம் பாதியில் நின்று, மிச்சமெல்லாம் சாம்பல் நிறம். எண்ணும் ஊரும் முத்திரையோடு அடியில் இருந்தன என்று கணக்குப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார்.

மா என்னை ஒரு கேள்விதான் கேட்டார், பர்மியில். "இது சத்தம் போட்டதா, ஸயா?"

"தெரியாது" என்றேன்.

அவர் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு எல்லோரிடமும், "புயல்ல அடிபட்ட டிஸ்க், யார் என்ன செய்ய முடியும்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அன்று ராஜா மாதிரி பொய் சொன்னேன், குரல்கூட நடுங்கவில்லை.

பாதிப் படத்தை எடுத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை அலுவலகத்துக்கு நாலைந்து முறை போனார். முகத்தையும் பெயரையும் மட்டும் வைத்துப் பேரேட்டில் தேட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை போய்விட்டது. மகள் எதிர்பார்த்த மாதிரியே மூன்று பாடத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கியிருந்தாள். ஆகஸ்டில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கேயும் அட்டை கேட்டார்கள். வேறொரு பெண்ணின் அட்டையில் சேர்ந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளை அங்கே இன்னொருத்தியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னபோது, நான் டீ ஆறிவிட்டது என்று கடைக்காரப் பையனிடம் கத்தினேன்.

சீட்டில் எழுதிக் கேட்க அவருக்கு இனி ஒன்றுமில்லை. மெசினையே விற்றுவிட்டார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார், என் மேசையில்தான் உட்கார்ந்தார். இது எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே சீட்டு ஒன்றை எடுத்து எழுதுகிற மாதிரி குனிந்துகொள்வேன். இந்த மனிதர் எதற்காக வந்து தொலைக்கிறார் என்று மனதுக்குள் திட்டுவேன். கழுதை, தப்பு செய்தவன் நான், திட்டு அவருக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஒய் அட்டையைக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு. என் மேசையில் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மகளுக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது என்றார். சும்மா சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அண்ணே, அந்த டிஸ்க்கு தானாச் சாகல. நான்தான் கொன்னேன். டிக் டிக்குன்னு சத்தம் வருதுன்னு நீங்க சொன்னீங்க. அப்பவே நிறுத்தச் சொல்லியிருந்தா எல்லாம் வந்திருக்கும், நம்பரும் வந்திருக்கும். எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சும் கடையில கூட்டமா இருக்குன்னு உங்க மேல கத்தினேன். அப்புறம் எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார்.

"தெரியும் பாய்" என்றார். அவர் என்னை பாய் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. "டிஸ்க்கத் திருப்பித் தந்த அன்னிக்கே மா சொல்லிட்டாங்க. ஸயா தானாச் சொல்லுவாரு, நீங்க கேக்காதீங்கன்னாங்க. அதான் கேக்கல. இன்னிக்குச் சொல்லுவாரு, இன்னிக்குச் சொல்லுவாருன்னு வந்து வந்து உக்காந்தேன்."

யா அல்லாஹ், அந்த ஸ்டூலோடு பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா!

"வீட்ல தெரியுமாண்ணே?"

"தெரியாது. உங்க பேரச் சொன்னா பாப்பா இங்க வந்து நடுக்கடையில நின்னு கத்துவா. ஆள் கூடும். யாராவது போலீஸ்ல போய்ச் சொல்லுவான். எனக்காகப் பன்னெண்டு நாள் கண்ணு முழிச்ச ஜனங்கள மாட்டி விடச் சொல்றீங்களா? நான்தான் தெரியாத்தனமா அமுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். வெரல் என்னுதுதானே. ஜூலையிலேருந்து அவ என்கூடப் பேசறதில்ல."

"வாங்கண்ணே, இப்பவே போவோம். நான் வந்து சொல்றேன். என் காரியத்த நான் சொல்றேன், அவ என்ன வேணா செய்யட்டும்." நான் எழுந்தே விட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இப்ப வந்து சொன்னா, இத்தன மாசமா ஏன் சொல்லலன்னு கேப்பா. உங்களையும் கேப்பா, என்னையும் கேப்பா. நான் என்ன சொல்றது பாய்?"

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தின்கன்ஜூன் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை.